கிறிஸ்துமஸ் சாக்ஸ்ல எதை எங்க வைக்கணும், ஊட்டி குளிருக்கு ஏத்த மாதிரி

கிறிஸ்துமஸுக்கு பரிசு போட்டு மாட்டுறதுக்குன்னு தனியா சாக்ஸ் வாங்கணும்னு இல்லங்க, ஊட்டி குன்னூர்ல ஸ்வெட்டர் கடையில கிடைக்கிற முழங்கால் வரைக்கும் வர்ற கம்பளி சாக்ஸே போதும், என்ன, கம்பளி இழுத்தா நீளும், அதனால கனமானத அடியில போடுங்க. விரல் பக்கம் ஒரு ஆரஞ்சு. புனித நிக்கோலஸ் ஏழை வீட்டுப் பொண்ணுங்களுக்கு ராத்திரியில ரகசியமா தங்கம் போட்டாரு, அது காயப்போட்ட சாக்ஸ்ல போய் விழுந்துச்சுன்னு ஒரு பழைய கதை, அந்த தங்கத்துக்கு பதிலாத்தான் ஆரஞ்சுன்னு சொல்வாங்க. எங்க பாட்டி கூடவே வறுத்த வேர்க்கடலையும் போடுவாங்க, நாங்க முதல்ல காலி பண்றது அதைத்தான்.

மேல பென்சில், பம்பரம், ஹோம்மேட் சாக்லேட். டிசம்பர் குளிர்ல சாக்லேட் உருகாது, ஆனா ஹீட்டர் பக்கத்துல மட்டும் மாட்டாதீங்க. வர்க்கி, அதாங்க ஊட்டியோட மொறுமொறு பிஸ்கட், அதை கடைசியா மேல வைங்க, இல்லன்னா காலைல தூள்தான் கிடைக்கும். சுத்துறதுக்கு பட்டர் பேப்பர், பிளாஸ்டிக் கவர்தான் நீலகிரியில தடையாச்சே. பெரியவங்க சாக்ஸ்ல சின்ன தைல பாட்டில் வைக்கலாம், ஆனா அதுல சாக்லேட் வேணாம், யூகலிப்டஸ் வாசனை ஏறிடுச்சுன்னா அப்புறம் போகவே போகாது.