கூடோஸ்னா என்ன, எங்க போடணும்?

ஆபீஸ் மெயில்ல "கூடோஸ் டு தி டீம்"னு வந்தா பாதிப் பேரு கங்க்ராட்ஸ் மாதிரி ஏதோ ஒண்ணுனு கடந்து போயிடுவோம், நானும் அப்படித்தான் இருந்தேன். நம்ம சபாஷ் தான் இது. சபாஷ் பாரசீகத்துலேர்ந்து வந்த மாதிரி இது கிரேக்கத்துலேர்ந்து வந்தது, அங்க அர்த்தம் புகழ், பெருமை. 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து யுனிவர்சிட்டி பசங்க ஸ்லாங்கா பேசிப் பேசி பரவிடுச்சு.

கடைசில இருக்கற ஸ் பன்மை கிடையாது, கிரேக்க வார்த்தையே அப்படித்தான் முடியும். நான் ஒரு தடவை சீனியர் ஒருத்தருக்கு "பிக் கூடோ"னு அடிச்சு அனுப்பிட்டேன், அவரு ஒரு ஸ்மைலி மட்டும் போட்டாரு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் உறைச்சுது. அமெரிக்கால சிலர் அப்படி எழுதறாங்க, ஆனா நீங்க வேணாம்.

போடற விதம் ஈஸி: யாருக்குங்கறதுக்கு "டு", எதுக்குங்கறதுக்கு "ஃபார்". "கூடோஸ் டு பிரியா ஃபார் ஃபிக்ஸிங் தி பக்", அவ்ளோதான்.

கல்யாணம், குழந்தை பொறந்ததுக்கெல்லாம் கங்க்ராட்ஸ் தான் சொல்லணும், ஏன்னா கூடோஸ் ஒருத்தர் மெனக்கெட்டு செஞ்ச வேலைக்குத்தான் பொருந்தும். ராத்திரி முழுக்க உக்காந்து சர்வர சரி பண்ணவருக்கு தாராளமா சொல்லலாம். எம்டிகிட்ட சொல்றப்ப மட்டும் கொஞ்சம் யோசிங்க, நாம அவரு முதுகுல தட்டிக்கொடுக்கற மாதிரி ஆயிடும். உச்சரிப்பு அமெரிக்கால கூடோஸ், பிரிட்டன்ல கியூடாஸ்.