கோட்டா கேட்டதும் புரோகிராம் விழுகிறதா? கோட்டாசெக்கில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

காரைக்குடியில் நான் பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் சர்வரில் பழைய செட்டிநாட்டு வீடுகளின் காகிதங்கள் ஏறுகின்றன. பேரேடு, இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம், ரங்கூனிலிருந்து வந்த கடிதக் கட்டு, வீடு கட்டிய செலவுக் கணக்கு என்று எதுவும் வரும். ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐயில், முழு வண்ணத்தில், சுருக்காமல் எடுத்தால் சுமார் 104 எம்பி. 300 பக்கப் பேரேடு ஒன்றே 31 ஜிபியைத் தின்றுவிடும். ஸ்கேன் எடுக்கும் பிள்ளைகளை அவரவர் போக்கில் விட்டால் டிஸ்க் தாங்காது. அதனால் ஆளுக்கொரு கோட்டா, அதாவது டிஸ்க்கில் இவ்வளவுதான் இடம் என்ற வரம்பு. யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று காட்ட ஒரு சின்ன பிஎச்பி பக்கம்.

இந்தப் பக்கம்தான் விழும். "அண்ணே, கோட்டா பக்கம் வெள்ளையா வருது" என்று கானாடுகாத்தான் வீட்டுப் பட்டாலையில் ஸ்கேனரோடு உட்கார்ந்திருக்கும் தம்பி போன் போடுவான். சர்வர் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டதும் கோட்டாசெக்கை, அதாவது டிஸ்க் முழுவதையும் எண்ணிக் கோட்டா கணக்கைப் புதிதாக எழுதும் கட்டளையை, ஓட்டப் போவார்கள். என் கட்சி வேறு. கோட்டாசெக் கடைசி மருந்து. பெரும்பாலும் கோட்டா கணக்கு சரியாகத்தான் இருக்கும். கேட்ட புரோகிராமுக்குத்தான் வந்த பதில் செரிக்காமல் போயிருக்கும்.

ஆகவே முதலில் விழுந்தது யார் என்று பாருங்கள். (கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிந்தவைதான்.) ரூட்டாக, அதாவது சர்வரின் நிர்வாகக் கணக்கில், நுழைந்து 'ரெப்கோட்டா -ஏ' கொடுங்கள். எல்லாருடைய கோட்டாவையும் பட்டியலிடும் கட்டளை அது. பட்டியல் ஒழுங்காக வந்தால் கர்னலும் (லினக்ஸின் உட்கரு) கோட்டா கோப்பும் நலம். கோளாறு உங்கள் வெப் பக்கத்திலோ ஸ்கிரிப்டிலோ இருக்கிறது. ரெப்கோட்டாவே விழுந்தால் கோட்டா கோப்பு கெட்டிருக்கலாம். விழவும் இல்லை, பதிலும் இல்லை, அப்படியே நிற்கிறது என்றால் அது வேறு கதை, வேறொரு சர்வரின் டிஸ்க்கை நெட்வொர்க் வழியே இணைக்கும் என்எஃப்எஸ் கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

சி மொழியில் எழுதிய புரோகிராம் என்றால் கர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' பாருங்கள். விழுந்த புரோகிராமின் பெயரோடு செக்ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டது) என்றோ டிவைட் எரர் (பூஜ்யத்தால் வகுத்தது) என்றோ ஒரு வரி இருக்கும். 'கோர்டம்ப்சிடிஎல்' இருக்கிற சர்வரில் விழுந்த இடமே கிடைக்கும். பிஎச்பி, பைத்தான் என்றால் அதனதன் எரர் லாகில் வரி எண்ணோடு எழுதியிருக்கும். வெள்ளைப் பக்கத்தை உற்றுப் பார்த்துப் பயனில்லை.

இனி புரோகிராமைக் கவிழ்க்கும் பதில்கள். நான் அதிகம் பார்த்தது வரம்பு பூஜ்யமாக இருப்பது. கோட்டாவில் 0 என்றால் இடமே இல்லை என்று பொருளில்லை, வரம்பே இல்லை என்று பொருள். ரூட்டுக்கு எப்போதும் அப்படித்தான். கோட்டா போட மறந்த புதுப் பிள்ளைக்கும் அப்படித்தான். பயன்பாட்டை வரம்பால் வகுத்துச் சதவீதம் காட்டும் எந்தப் பக்கமும் இந்த இடத்தில் பூஜ்யத்தால் வகுக்கும். பிஎச்பி 7 வரை ஓர் எச்சரிக்கையை லாகில் எழுதிவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8 அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. 'நேற்று வரை ஓடியதே, ஓஎஸ் அப்டேட் போட்டதும் விழுகிறதே' என்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வரம்பு 0 என்றால் வகுக்காதீர்கள். 'வரம்பில்லை' என்று காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

அடுத்தது கட்டங்கள் நகர்வது. இது கொஞ்சம் வேடிக்கையானது, ஏனென்றால் கோட்டா பக்கம் எப்போது தேவையோ அப்போதுதான் விழும். ரெப்கோட்டா பட்டியலில் கெடு என்றொரு கட்டம் உண்டு. கோட்டாவில் மென்வரம்பு, வன்வரம்பு என்று இரண்டு உண்டு: முதலாவதைக் கெடு முடியும் வரை தாண்டலாம், இரண்டாவதைத் தாண்டவே முடியாது. மென்வரம்பைத் தாண்டியவருக்கு மட்டும் அதில் மீதி நாள் வரும்; வழக்கமான கெடு 7 நாள். தாண்டாதவர்களுக்கு அந்தக் கட்டம் காலி. இடைவெளியை வைத்து வரியைத் துண்டு போடும் ஸ்கிரிப்டுக்கு, எல்லாரும் வரம்புக்குள் இருக்கும் வரை எண்ணிக்கை சரியாக வரும். ஒருவன் தாண்டியதும் ஒரு துண்டு கூடிவிடும், கோப்பு எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் '6 நாள்' வந்து உட்காரும், அதை எண்ணாக மாற்றப் போய்ப் புரோகிராம் கவிழும். 'கோட்டா' கட்டளையும் இப்படித்தான்: தாண்டியவரின் எண்ணுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறியை ஒட்டிவிடும். போதாததற்கு, யாராவது வரம்பு மீறியிருந்தால் பூஜ்யம் அல்லாத நிலையோடு முடியும். பிழை வந்தால் நின்றுவிடு என்று எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் அதைப் பிழை என்றே எடுத்துக்கொள்ளும்.

டிஸ்க் பெயர் நீளமாக இருந்தால் இன்னொரு தொல்லை. '/டெவ்/மேப்பர்/' என்று தொடங்கும் எல்விஎம் (டிஸ்க்குகளைச் சேர்த்துப் பிரிக்கும் ஏற்பாடு) பெயர்களைத் தனி வரியில் அச்சிட்டு, எண்களை அடுத்த வரிக்குத் தள்ளிவிடும் கோட்டா கட்டளை. '-டபிள்யூ' சேர்த்தால் மடிக்காது.

மனிதர் படிக்க அச்சிடும் பட்டியலைப் புரோகிராம் படிப்பதே தப்பு என்பேன். ரெப்கோட்டாவின் புதிய பதிப்புகளில் '-ஓ சிஎஸ்வி' (பெரிய எழுத்து ஓ) உண்டு. கட்டங்கள் கமாவால் பிரிந்து ஒழுங்காக வரும். அது இல்லாத பழைய சர்வரில் '-பி' (ஆங்கில p) கொடுங்கள். கெடு இல்லாத இடத்தில் 0 என்று எழுதும், கட்டம் காலியாகாது. கூடவே '-என்' கொடுத்தால் பெயருக்குப் பதில் எண் வரும். பயனர் கணக்குகள் எல்டாப் என்ற பொதுப் பட்டியல் சர்வரில் இருக்கும் இடங்களில் இது வேகத்துக்கும் நல்லது.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது, வேலையை விட்டுப் போன பிள்ளையின் கணக்கை அழித்துவிடுவோம், அவன் ஏற்றிய கோப்புகள் கிடக்கும். அந்த வரி ரெப்கோட்டாவில் '#1007' என்பதுபோல வரும். சி புரோகிராம் 'கெட்பிடபிள்யூயூஐடி' மூலம் பெயர் கேட்டால் வெறுமைதான் திரும்பும். அதைச் சோதிக்காமல் உள்ளே கை விட்டால் செக்ஃபால்ட். கோப்புகளை 'சோன்' (உரிமையாளரை மாற்றும் கட்டளை) போட்டு இருக்கிறவர் பெயருக்கு மாற்றுங்கள். ஆனால் புரோகிராமையும் திருத்துங்கள், அடுத்த பிள்ளையும் ஒருநாள் போவான்.

ரூட்டாக ஓட்டினால் வேலை செய்கிறது, வெப் பக்கத்தில் மட்டும் விழுகிறது என்றால் அனுமதிதான் காரணம். சாதாரணக் கணக்குக்குத் தன் கோட்டாவை மட்டும்தான் கேட்க உரிமை. வெப் சர்வரின் கணக்கு மற்றவர்களுடையதைக் கேட்டால் வெற்றுப் பதில் வரும், அதைப் பிரிக்கப் போய் பக்கம் விழும். அதற்காக வெப் சர்வருக்கு ரூட் உரிமை கொடுத்துவிடாதீர்கள். ரூட்டின் கிரானில் (நேரம் வைத்து வேலையை ஓட்டுவது) பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரெப்கோட்டா சிஎஸ்வியை ஒரு கோப்பில் எழுதச் சொல்லி, பக்கம் அந்தக் கோப்பை மட்டும் படித்தால் போதும். நான் வைத்திருப்பது இந்த ஏற்பாடுதான். பக்கம் வேகமாகத் திறக்கிறது என்பது உபரி லாபம்.

நேரடியாகக் கர்னலைக் கேட்கும் புரோகிராம்களுக்கு இரண்டு வார்த்தை. புரோகிராம் கர்னலிடம் கேட்பதைக் காட்டும் 'எஸ்ட்ரேஸ் -எஃப் -இ ட்ரேஸ்=கோட்டாசிடிஎல்' போட்டுப் பாருங்கள். 'அப்படி ஒரு புராசஸ் இல்லை' என்று பிழை வந்தால் புராசஸைத் தேடி அலையாதீர்கள். அந்தக் கோப்பு முறைமையில் கோட்டா இயக்கப்படவில்லை என்பதை லினக்ஸ் அப்படித்தான் சொல்கிறது. இன்னொன்று அளவு: வரம்பு 1024 பைட் கட்டைகளில் வரும், பயன்பாடு பைட்டில் வரும், எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் தனி அழைப்பில் 512 பைட் கட்டைகள். எல்லாவற்றையும் 32 பிட் முழு எண்ணில் போட்டால் 2 ஜிபியைத் தாண்டியதும் கழித்தல் குறியோடு எண்கள் வரும். எங்களைப் போன்றவர்களுக்கு 2 ஜிபி என்பது இருபது பக்கம்.

நிற்கிற கதைக்கு வருவோம். வேறொரு சர்வரின் டிஸ்க்கை என்எஃப்எஸ்ஸில் மவுண்ட் செய்திருந்தால், கோட்டா கட்டளை அந்தச் சர்வரில் உள்ள 'ஆர்பிசி.ஆர்கோட்டாடி'யைக் கேட்கும், வழக்கமாக 875ஆம் போர்ட். அந்தச் சர்வர் கரண்ட் போய்க் கிடந்தாலோ ஃபயர்வால் மறித்தாலோ உங்கள் புரோகிராம் காத்துக்கொண்டே நிற்கும். பராமரிப்பு மின்தடை நாளில் தேவகோட்டையில் ஒரு சர்வரும் இங்கே ஒன்றுமாக வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. உள்ளூர் டிஸ்க்கை மட்டும் கேட்க 'கோட்டா -எல்' போதும். புரோகிராமிலும் அந்த அழைப்புக்கு ஒரு நேர வரம்பு வையுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் ரெப்கோட்டாவே விழுகிறது, அல்லது கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் 'டியூ' சொல்வதற்கும் கோட்டா சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது என்றால், இப்போது கோட்டாசெக். என் தாத்தா ஒரு வளவில் கணக்கெழுதியவர். இருப்பு எண்ணும் நாளில் பெட்டியடியில் வரவும் கிடையாது, பற்றும் கிடையாது. எண்ணி முடித்துப் பேரேட்டோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் கொடுக்கல் வாங்கல். கோட்டாசெக்கும் அதே வேலைதான், அதே கட்டுப்பாடுதான் அதற்கும். சாம்பா (விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்பு பகிர்வது), வெப் சர்வர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு,

கோட்டாஆஃப் -யூ /டேட்டா
கோட்டாசெக் -யூ -வி /டேட்டா
கோட்டாஆன் -யூ /டேட்டா

யாராவது எழுதிக்கொண்டிருந்தால், டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்ற முடியவில்லை என்று கோட்டாசெக் மறுக்கும். '-எம்' போட்டு மிரட்டினால் ஓடும், ஆனால் எண்ணிக்கையை நம்ப முடியாது. எழுதுகிறவரை நிறுத்துவதே மேல்.

'-சி' விஷயத்தில் கவனம். இருக்கிற கோட்டா கோப்பைப் படிக்காமல் புதிதாக எழுதச் சொல்வது அது. பயன்பாட்டை எண்ணிவிடும், நீங்கள் போட்ட வரம்புகள் போய்விடும். கோப்பு படிக்கவே முடியாமல் கெட்டிருந்தால் வேறு வழியில்லை: 'ஏகோட்டா.யூசர்' கோப்பை வேறு பெயருக்கு நகர்த்திவிட்டு '-சி'யோடு ஓட்டி, வரம்புகளை 'செட்கோட்டா -பி' (இது ஆங்கில b) மூலம் மொத்தமாக ஏற்ற வேண்டும். எங்கிருந்து ஏற்றுவது? கிரான் எழுதி வைத்த சிஎஸ்வியில் வரம்புக் கட்டங்களும் இருக்கின்றன அல்லவா, அதிலிருந்து. ஆகவே அந்தக் கோப்பில் நாளுக்கொரு நகலைத் தனியே எடுத்து வையுங்கள்.

மின்தடைக்குப் பிறகு கணக்கு பிசகுவது வாடிக்கை என்றால் ஜர்னல் கோட்டாவுக்கு, அதாவது மாற்றங்களை முதலில் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் முறைக்கு, மாறுங்கள். டிஸ்க்குகளை மவுண்ட் செய்யும் பட்டியலான எஃப்எஸ்டேப்பில் 'யூஎஸ்ஆர்ஜேகோட்டா=ஏகோட்டா.யூசர்,ஜேக்யூஎஃப்எம்டி=விஎஃப்எஸ்வி1'. விஎஃப்எஸ்வி0 வடிவத்தில் 4 டிபிக்கு மேல் வரம்பு எழுத முடியாது, அதனால் 1. எக்ஸ்எஃப்எஸ்காரர்களுக்கு இந்தக் கோட்டாசெக் சங்கதி எதுவும் பொருந்தாது. அங்கே தேவைப்பட்டால் மவுண்ட் ஆகும்போது கர்னலே எண்ணிக்கொள்ளும், கேட்பதற்கு 'எக்ஸ்எஃப்எஸ்_கோட்டா'.

திருத்திய புரோகிராமை உண்மையான டிஸ்க்கில் சோதிக்க வேண்டாம். 'ட்ரங்கேட்' வைத்து 200 எம்பியில் ஒரு கோப்பு உண்டாக்கி, அதில் 'எம்கேஎஃப்எஸ்.இஎக்ஸ்டி4 -ஓ கோட்டா' (இதிலும் பெரிய எழுத்து ஓ) ஓட்டி, 'லூப், யூஎஸ்ஆர்கோட்டா' என்று மவுண்ட் செய்யுங்கள். மூன்று கணக்கு போதும்: வரம்பே போடாத ஒன்று, 10 எம்பி மென்வரம்பைத் தாண்டிய ஒன்று, சில கோப்புகளை விட்டுவிட்டு அழித்த ஒன்று. தாண்ட வைக்கும்போது அந்தக் கணக்காகவே நுழைந்து எழுதுங்கள். ரூட்டாக எழுதினால் வரம்பு தடுக்காது, வன்வரம்பில் புரோகிராம் என்ன செய்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.