மேமோகிராம் நார்மல், ஆனால் கட்டி தட்டுப்படுகிறதே?

மார்பில் கைக்குக் கட்டி தட்டுப்படுகிறது. மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வருகிறது. அப்பாடா என்று ஃபைலை பீரோவில் வைத்துவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான தவறு கிடையாது. எக்ஸ்ரேயில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், பால்சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும். புற்றுக்கட்டியும் வெள்ளைதான். பால்சுரப்பித் திசு அதிகமுள்ள, அடர்த்தியான மார்பகத்தில் அதைத் தேடுவது, வெள்ளையடித்த சுவரில் சுண்ணாம்புப் பொட்டைத் தேடுகிற கதை. அந்த இடத்தில் அல்ட்ராசவுண்டும் பார்க்க வேண்டும். முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலிலேயே அதுதான். இரண்டிலும் தெரியாமல் டாக்டரின் கைக்கு மட்டும் சந்தேகம் தட்டினாலும் பயாப்ஸி, அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது, தேவைப்படலாம்.

கூச்சப்பட்டுக்கொண்டு, கட்டி எங்கே என்று டெக்னீஷியனிடம் சொல்லாமல் இருக்காதீர்கள். சொன்னால் தோல்மேல் ஒரு சின்ன மார்க்கர் ஒட்டுவார்கள். அது படத்தில் பளிச்சென்று விழும், ரிப்போர்ட் எழுதுபவரின் கண் அங்கே நிற்கும். அன்று காலை அக்குளில் பவுடர், டியோடரன்ட் வேண்டாம். அந்தத் துகள்கள் நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகள் போலவே தெரிந்து குழப்பும். ஆரம்பநிலைப் புற்று சில சமயம் அப்படிப் புள்ளிகளாகத்தான் தலைகாட்டும். பழைய ரிப்போர்ட் மட்டும் போதாது, பழைய படங்களையும் கொண்டுபோங்கள்.

அப்புறம் ரிப்போர்ட்டின் கடைசியில் வரும் பைராட்ஸ் எண். படத்தில் தெரிவதைப் புற்று என்று எவ்வளவு சந்தேகிக்கிறார்கள் என்பதற்கான குறியீடு அது. 0 என்று பார்த்ததும் என் சித்தி, "சைபர்தானே, ஒண்ணுமில்ல" என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பிவிட்டார். 0 என்றால் இன்னும் முடிவு சொல்ல முடியவில்லை, கூடுதல் படமோ பழைய படமோ வேண்டும் என்று அர்த்தம். 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. பொதுவாக ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள், அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள். 4 மிக அகலமானது, 2 முதல் 95 சதவீதம் வரை. அதில் ஏ, பி, சி எது என்று கேளுங்கள், ஏ-யிலிருந்து சி-க்குப் போகப்போகச் சந்தேகம் கூடும். எதுவானாலும் பயாப்ஸி எடுப்பதுதான் வழக்கம்.

பயாப்ஸி ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்று பயந்து, நேரே கட்டியை வெட்டி எடுக்கச் சொல்பவர்கள் உண்டு. பிறகு அது புற்று என்று தெரிந்தால், வெட்டிய ஓரங்களில் மிஞ்சியிருக்கும் புற்றை எடுக்க இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம். ட்ரூகட் ஊசியில் சதைத் துணுக்கு எடுத்து முதலிலேயே தெரிந்துகொண்டால் சிகிச்சையை முறையாகத் திட்டமிடலாம்.

சரி, படத்தில் பைராட்ஸ் 5, அதாவது புற்று என்று மிகப் பலத்த சந்தேகம், ஆனால் பயாப்ஸியில் சாதாரணக் கட்டி என்று வந்தால்? ஊசி சரியான இடத்தில் படாமல் போயிருக்கலாம். மறுபடி எடுக்கச் சொன்னால், காசு பிடுங்குகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.