கொத்தா, சங்கிலியா? ஸ்டாஃபைலோகாக்கஸைக் கண்டுபிடிக்கும் முறை

கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வகத் துறையில் டிப்ளோமா சேர்ந்த பிள்ளைகளுக்காக, ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற உருண்டை பாக்டீரியாவை அடையாளம் காணும் வழியை எழுதுகிறேன். பாக்டீரியாவின் பெயர்களை உருப்போட வேண்டாம். சோதனைகளின் வரிசை பிடிபட்டால் பெயர் தானாக வரும். வீட்டில் செய்யும் வேலை அல்ல. ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

முதலில் கிராம் சாயம், பாக்டீரியாவை நிறத்தால் இரண்டு வகையாகப் பிரிக்கும் சோதனை. சிலைடில் ஒரு சொட்டு நீர் விட்டு, காலனியை (தட்டில் வளர்ந்த பாக்டீரியாத் திட்டு) துளியளவு எடுத்து மெல்லிதாகப் பரப்புங்கள். நன்றாகக் காயட்டும், நம் ஊர் ஈரக் காற்றில் இதற்கே பொறுமை வேண்டும். சுடரில் இரண்டு மூன்று முறை காட்டி எடுங்கள். கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், கழுவிவிட்டு அயோடின் ஒரு நிமிடம். அப்புறம் ஆல்கஹால், சில நொடிகள்தான். வழிவதில் ஊதா நின்றதும் உடனே தண்ணீர் விடுங்கள். அசந்தால், ஊதாவைப் பிடித்து வைக்க வேண்டிய கிராம் பாசிட்டிவ் செல்லும் சாயத்தை விட்டுவிட்டுச் சிவப்பாகத் தெரியும். கடைசியில் சஃப்ரானின் அரை நிமிடம். (கையுறை போடாவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் எல்லார் கண்ணும் உங்கள் ஊதா விரல்மேல்தான்.)

நுண்ணோக்கியில் ஊதா உருண்டைகள் கொத்தாக இருந்தால் ஸ்டாஃபைலோ, சங்கிலியாக இருந்தால் ஸ்ட்ரெப்டோ (ஸ்ட்ரெப்டோகாக்கஸ்) என்று சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டுமே. அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) வளர்ந்த ஸ்ட்ரெப்டோவில் சங்கிலி சரியாகத் தெரியாமல் போவதுண்டு.

அதைத் தீர்க்கத்தான் கேட்டலேஸ் சோதனை. பெராக்சைடைச் சிதைத்து நுரைக்க வைக்கும் நொதி அது. மரக்குச்சியால் காலனியை எடுத்து சிலைடில் வைத்து, 3% ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுங்கள். சட்டென்று நுரைத்தால் ஸ்டாஃபைலோ பக்கம். சும்மா கிடந்தால் ஸ்ட்ரெப்டோ பக்கம். இரத்த அகாரைச் சேர்த்துச் சுரண்டிவிடாதீர்கள். சிவப்பணுக்களிலும் கேட்டலேஸ் உண்டு, பொய்யாக நுரைக்கும்.

நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமா? 1884இல் ஜெர்மன் மருத்துவர் ரோசன்பாக் ஸ்டாஃபைலோவைப் பொன்னிறம் (ஆரியஸ்), வெள்ளை என்றுதான் பிரித்தார். ஆனால் ஆரியஸிலேயே வெளிறிய காலனிகள் உண்டு. அதனால் பிளாஸ்மாவை உறைய வைக்கும் நொதியைத் தேடும் கோகுலேஸ் சோதனையை விட முடியாது.

காலனியை முயல் பிளாஸ்மாவில் (இரத்தத்தின் திரவப் பகுதி) கலந்து 37 டிகிரியில் வைத்து, 4 மணி நேரத்தில் குழாயைச் சாய்த்துப் பாருங்கள். உறைந்திருந்தால் பெரும்பாலும் ஆரியஸ். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஏமாறுவீர்கள். சில ரகங்கள் உறைய வைத்ததைத் தாங்களே கரைத்துவிடும். 4 மணி நேரத்தில் உறையாதவற்றை மட்டும் 24 மணி நேரம் வரை வைத்துப் பாருங்கள்.

அப்போதும் உறையவில்லையா? தோலில் குடியிருக்கும் எபிடெர்மிடிஸ் என்ற ஸ்டாஃபைலோ இனமாக இருக்கலாம். சிறுநீர் மாதிரி என்றால் சாப்ரோபைடிகஸ் என்ற இன்னோர் இனத்தையும் நினையுங்கள். பாக்டீரியா பரப்பிய அகார்மேல் 5 மைக்ரோகிராம் நோவோபயோசின் (ஒரு ஆன்டிபயாடிக்) வட்டு வைத்து, மறுநாள் அதைச் சுற்றி பாக்டீரியா வளராத வளையத்தின் விட்டத்தை அளந்து பாருங்கள். 16 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் மருந்துக்கு அசராத சாப்ரோபைடிகஸ் என்று எழுதலாம்.