மலிவு மடிக்கணினி வாங்கும் முன்

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் பிள்ளைக்கு மடிக்கணினி பார்க்கப் போகிறீர்களா? விலை குறைவு என்று உடனே பணத்தை நீட்டாதீர்கள். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச ராம் (வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) 4 ஜிபி. அன்றாட வேலைக்கு அது போதாது. 8 ஜிபிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். “பிறகு கூட்டிக்கொள்ளலாம்” என்று விற்பவர் சொன்னால், கூடுதல் ராம் செருக இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல மலிவு மாடல்களில் ராம், கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்.

கோப்புகளை வைக்கும் சேமிப்பகம் ‘இஎம்எம்சி’ (மலிவான, மெதுவான வகை) என்றிருந்தால் தள்ளிவையுங்கள். என் அக்காள் மகன் 64 ஜிபி இஎம்எம்சி வாங்கினான். ஆறே மாதத்தில் விண்டோஸ் புதுப்பிப்புக்கு இடமில்லை; படங்களையெல்லாம் பென்டிரைவுக்கு மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பாவம்.

கட்டுரை எழுதவும் இணையவழி வகுப்புக்கும் மட்டும் என்றால், 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் (இஎம்எம்சியைவிட வேகமான சேமிப்பகம்) உள்ள அடிப்படை மாடலே தாராளம்.