உப்புக்காற்றும் படிக்காத மெமரி கார்டும்

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் எடுத்த படங்கள் இருந்த 32 ஜிபி கார்டைச் செருகியதும் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்றது கேமரா. வேண்டாம் என்று அழுத்தி கார்டை வெளியே எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதன்பின் ஒரு படம்கூட அதில் எடுக்காதீர்கள். புதியது பழையதன் மேல் ஏறிவிடும்.

கடற்கரைக் காற்றின் உப்பு, கார்டின் தங்கநிறத் தகடுகளில் படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிட்டேன். வாயால் ஊதினால் எச்சில் ஈரம்தான் சேரும். கார்டில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் பக்கவாட்டு லாக்கையும் போட்டேன். சில கார்டு ரீடர்கள் அதை மதிப்பதில்லை, முழுதாக நம்ப வேண்டாம்.

இப்போது கணினியில் கொள்ளளவு சரியாகத் தெரிந்தது, ஃபைல் சிஸ்டம் மட்டும் ‘ரா’ (RAW, அடையாளம் தெரியவில்லை) என்றது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணை கெட்டிருக்கலாம், படங்கள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும் என்று அர்த்தம். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு முழு கார்டையும் ஒரே இமேஜ் கோப்பாக ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். அது அட்டவணையைப் பார்க்காமல் ஜேபெக் கோப்பின் தொடக்க அடையாளத்தைத் தேடுவதால் பழைய கோப்புப்பெயர்கள் போய்விடும். எடுத்த நேரம், படத்துக்குள்ளேயே கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் குறிப்பில் இருக்கும், அதை வைத்து அடுக்கலாம். துண்டுதுண்டாகப் பதிவான வீடியோக்கள் பெரும்பாலும் உடைந்தே வரும்.

கொள்ளளவே பூஜ்யம் என்று காட்டினால் மென்பொருளால் ஆகாது, டேட்டா மீட்பு லேபுக்குத்தான் போக வேண்டும்.