நாஸ் திறக்க மறுத்தது: என் அனுபவம்

புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 பதிப்பு. வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பெட்டியான நாஸைத் திறக்கப் போனால், பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் அணுகலைத் தடுக்கிறது என்று செய்தி வந்தது. அப்பாவின் பழைய படங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன, பதறிவிட்டேன்.

நாஸ் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பார்க்க பிங் செய்தேன், பதில் வந்தது. பிரவுசரில் ஐபி முகவரியை அடித்ததும் நாஸின் செட்டிங்ஸ் பக்கமும் திறந்தது. ஆக, ரவுட்டரிலோ கேபிளிலோ கோளாறில்லை. உள்ளே நுழையும் முறையில்தான் சிக்கல். என் ஷேர் ஃபோல்டர் பாஸ்வேர்டு இல்லாமலே திறக்கும்படி இருந்தது. 24எச்2 முதல் ப்ரோ பதிப்பும் அப்படிப்பட்ட கெஸ்ட் நுழைவை ஏற்பதில்லை.

அந்தத் தடையை நீக்கவும் வழி உண்டு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். ஃபைல் பகிர்வதற்கான பழைய முறையான எஸ்எம்பி 1-ஐ மறுபடி இயக்கும்படி யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

நாஸில் பாஸ்வேர்டோடு ஒரு யூசர் கணக்கு உருவாக்கி, ஃபோல்டருக்கு அனுமதி கொடுத்தேன். விண்டோஸில் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் ஐபி முகவரி, யூசர் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் சேர்த்தேன். ஃபோல்டர் உடனே திறந்தது. நாஸைப் பெயரால் திறப்பவர்கள் அங்கேயும் அந்தப் பெயரையே கொடுக்க வேண்டும். ஐபிக்குச் சேமித்தது பெயருக்குச் செல்லாது.